உப்புக்கு மணம் உண்டா?

மாலைத் தொழுகைக்கான அசர் பாங்குக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் மூன்று அடுப்பிலும் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் நடு அடுப்பின் முன்னால் நின்று, தோள் துண்டால் முகத்தைத் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆவிக்குள் தலையை நீட்டினார்.

நான் வாசலில் உட்கார்ந்து கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன். முதல் நோன்பு, ஞாயிற்றுக்கிழமை, எனக்குக் கம்பெனி லீவு. இந்தக் காட்சியைப் பதினெட்டு வருஷமாகப் பார்த்து வருகிறேன். தலை உள்ளே போகும். ஒரு நீண்ட மூச்சு. தலை வெளியே வரும். "உப்பு சரி" என்பார். இல்லையென்றால், "கொறச்சுகூடி வேணும்" என்று இன்னும் ஒரு கை அள்ளிப் போடுவார்.

அன்று தலை உள்ளே போனது, வெளியே வரவில்லை. ஒரு மூச்சு, இரண்டு, மூன்று. ஆவியில் முகம் சிவந்து போய் நிமிர்ந்தவர், யாரையும் பார்க்காமல் "சரி" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை எங்கள் மகல்லாவில் நோன்பு திறந்தவர்கள் எல்லோரும் உப்புச் சப்பில்லாத கஞ்சியைக் குடித்தார்கள்.

முந்தக்கூடாத நாக்கு

இந்தத் தொடரை இன்றுதான் கையில் எடுக்கிறவர்களுக்காக இரண்டு வரி. என் பெயர் ஜீனத். கம்பம் பக்கத்தில் பிறந்து, வேதியியல் பட்டம் வாங்கி, மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். தோப்பும்படியில் ஒரு இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டுக்காரர் அபுதாகிர், கல்யாணப் பண்டாரி. ஊருக்கு அவர் தாஹிர்க்கா. வருஷம் முழுக்கக் கல்யாண வீடுகளில் பிரியாணி வைப்பார். ரமலான் மாதம் முழுக்கப் பள்ளிவாசல் கஞ்சி அவருடையது.

நோன்பு பிடித்துக்கொண்டு சமைக்கிறவர், தேவைப்பட்டால் நுனி நாக்கில் உப்புப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று மார்க்கத்தில் இடம் இருக்கிறது. மார்க்கம் கொடுத்த சலுகையை இவர் வாங்கிக்கொள்ளவில்லை. "நானூறு பேரோட நாக்கு பாங்குக்குக் காத்திருக்கும்போது என் நாக்கு மட்டும் முந்தக்கூடாது" என்பார். வேறு யாரையும் ருசி பார்க்கவும் விடமாட்டார். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, ரம்பை இலை, கடைசியில் தேங்காய்ப்பால். எல்லாம் கை அளவு. உப்பு மட்டும் மூக்கு அளவு.

"தாஹிர்க்கா மூக்காலேயே உப்பு பாக்கும்" என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்வார்கள்.

நான் மட்டும் நம்பவில்லை. கல்யாணமான புதிதில், படித்த திமிர் உடம்பெல்லாம் ஓடிய காலத்தில், அவரிடமே சொன்னேன்: "மணம்னா அந்தப் பொருள் ஆவியாகி மூக்குக்கு வரணும். உப்பு உருகுறதுக்கே எண்ணூறு டிகிரி வேணும். கஞ்சியில எங்க இருக்கு அந்தச் சூடு? உப்புக்கு மணமே கிடையாதுங்க."

"எனக்கு வருதே" என்றார்.

"அது பழக்கம். கை தானா அளவா போடுது. நீங்க மூக்குன்னு நினைச்சுக்கிறீங்க."

அதன் பிறகு ஒவ்வொரு ரமலானிலும் இதைச் சொல்லிச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

பால் அடிப்பிடித்த மாலை

இரண்டாம் நோன்பன்று கஞ்சி கடலாகிவிட்டது.

அதற்கு ஒரு காரணம் எனக்குக் கேட்டவுடனே புரிந்தது. வழக்கமாகப் பள்ளிக்குக் கல்லுப்பு வரும். அன்று யாரோ நேர்ச்சையாகப் பொடி உப்புப் பாக்கெட்டுகள் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். இவர் அதே சிரட்டையால் அதே கணக்கில் அள்ளிப் போட்டிருக்கிறார். கல்லுப்பை அள்ளினால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே காற்றும் சேர்ந்து வரும். பொடியில் அந்தச் சந்து இல்லை. ஒரே சிரட்டை, ஆனால் உப்பு அதிகம். போதாததற்கு எங்கள் ஊர்க் கல்லுப்பு எப்போதும் நீர் கோத்துக்கிடக்கும், காயல் காற்று அப்படி. எடையில் பாதி ஈரமோ என்றுகூடத் தோன்றும்.

புரியாதது ஒன்றுதான். அந்த மூக்கு ஏன் தடுக்கவில்லை?

மஃரிப் தொழுகை முடிந்து, பள்ளிவாசல் கமிட்டி செக்ரட்டரி எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹம்சாக்கா நல்ல மனிதர், மெதுவாகப் பேசுகிறவர். மெதுவாகப் பேசுகிறவர்கள் சொல்வதுதான் அதிகம் வலிக்கும். நான் பாலை அடுப்பில் வைத்து, இவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முன்னறையில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"தாஹிரே, எந்து பற்றி, என்னாச்சு?" என்று அவர் அடுக்களைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "நேத்து உப்பில்ல. இன்னிக்கு வாயில வைக்க ஒக்கல. பகல் முழுக்க வெள்ளம் குடிக்காத ஆளுகளாக்கும். கமிட்டியில தேவராவுல உள்ள ஒரு கேட்டரிங்காரங்க பேரு சொல்லுது. நான் வெள்ளியாழ்ச்ச வரைக்கும் பாக்கலாம்னு சொல்லியிருக்கேன். ஜும்மாவுக்கு ஆள் கூடும். அன்னிக்கு சரியாகலேன்னா பின்னெ என் கையில இல்ல."

சொல்லிக்கொண்டிருந்தவர் மூக்கைச் சுருக்கினார். "என்ன ஒரு கரிஞ்ச மணம்?"

எனக்கும் அப்போதுதான் அடித்தது. ஓடினேன். பால் அடிப்பிடித்துத் தீய்ந்துகொண்டிருந்தது. மேலே பார்த்தால் வெள்ளையாக, அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் வீடு முழுக்கத் தீய்ந்த நெடி. என் மகள் ஷிஃபா உள்ளறையிலிருந்து மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். இவர் அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, பொங்கி வந்தால் அணைக்கலாம் என்று பாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அடுப்பை அணைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"நான்தான் பாலை வச்சுட்டு மறந்துட்டேன் காக்கா" என்று முன்னறைக்குக் கேட்கச் சொன்னேன். ஹம்சாக்காவுக்குப் பாலில்லாத கட்டன் சாயா கொடுத்து அனுப்பினோம்.

அவர் போனதும் கேட்டேன். "எப்பலேருந்து?"

"அந்தக் காய்ச்சல் வந்து போனதுலேருந்து. மூக்கு அப்பிடியே செத்துப் போச்சு. நாக்குல உப்பு, புளி, மதுரம் எல்லாம் தெரியும். மணம் மட்டும் ஒண்ணுமில்ல."

"மூணு மாசமாச்சே! எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் அடிப்பிடித்த பாத்திரத்தைக் கழுவ எடுத்துக்கொண்டார். தண்ணீரைத் திறந்துவிட்டுத்தான் பேசினார்.

"உப்புக்கு மணமில்லன்னு நீதானே சொல்லிட்டிருந்தே? மூக்கு போச்சுன்னு சொன்னா, போனா என்ன, அதால என்ன பிரயோஜனம் இருந்துச்சுன்னு கேட்டுருவியோன்னு பயம். அதான் சொல்லல."

எனக்கு வெட்கமாக இருந்தது.

மூக்கில்லாத பண்டாரியை எந்தக் கல்யாண வீடு கூப்பிடும்? பெருநாள் கழிந்தால் கல்யாண மாதம். பள்ளியில் கஞ்சி பறிபோனால், ஏன் என்று ஊர் கேட்கும். கேட்டால் காரணம் வெளியே வரும். எங்களுக்கு வெள்ளிக்கிழமை வரை நேரம் இருந்தது.

எவ்வளவில் எவ்வளவு

கொஞ்சம் கம்பெனிக்குப் போய்வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் அங்கேதான் கிடந்தது.

இறால் உரிக்கும் கூடத்துக்குள் போகிற யாரும் கையைக் குளோரின் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தத் தண்ணீரின் வீரியத்தைப் பார்ப்பது என் வேலை. பி.பி.எம். என்று ஒரு கணக்கு. பத்து லட்சம் பங்கு கரைசலில் எத்தனை பங்கு மருந்து என்பது. கேட்டால் தூசு மாதிரி இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் நான் ஒரு புள்ளியை இடம் மாற்றிப் போட்டேன். பத்து மடங்கு. நாள் முழுக்க இறால் முள் குத்திய விரல்களோடு வந்த பெண்கள் கையை முக்கியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்கள். ஒருத்தி என்னைத் திட்டக்கூட இல்லை. விரலை வாயால் ஊதிக்கொண்டே, "மோளே, இது கையாக்கும்" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அன்று மண்டையில் ஏறியது. எவ்வளவு போட்டோம் என்பது பாதிக் கேள்வி. எவ்வளவில் எவ்வளவு என்பதுதான் முழுக் கேள்வி. பாடப் புத்தகத்தில் கரைபொருள், கரைப்பான், கரைசல், செறிவு என்று அழகான பெயர்களை மனப்பாடம் செய்தவள்தான் நான். அந்தப் பெண்ணின் விரலைப் பார்த்த பிறகுதான் செறிவு என்றால் என்ன என்று தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை கம்பெனியில், உப்புநீரை அளக்கும் சின்னக் குழல் ஒன்றை எடுத்து யோசித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் எண் தெரியும். தெளிந்த உப்புத் தண்ணீருக்கு அது போதும். ஒரு கரண்டி கஞ்சியை டப்பாவில் கொண்டுபோயிருந்தேன். சொட்டு விட்டேன். வெள்ளை மங்கல். அதில் மாவும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து குழப்புகின்றன. உப்பை மட்டும் தனியாகச் சொல் என்றால் அந்தக் குழலுக்குத் தெரியாது.

உப்பை எடை போட்டுப் போடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "பண்டாரி தராசு பிடிச்சா அன்னிக்கே எல்லாருக்கும் மனசிலாகும்" என்றார் இவர். நியாயம்தான். தவிர, ஒரு நாள் ஈரக் கல்லுப்பு, மறுநாள் பொடி, அடுத்த நாள் இரண்டும் கலந்தது. நேர்ச்சையாக வருவதை எப்படி வேண்டாமென்பது?

குழலைக் கழுவி வைக்கும்போது, மூலையில் நிற்கும் நீல பீப்பாய் கண்ணில் பட்டது. உறைய வைக்கும் பிரிவுக்கான உப்புநீர். அடியில் எப்போதும் ஒரு சாண் உப்பு கரையாமல் கிடக்கும். தினமும் கடந்து போகிற பீப்பாய். அன்று அதன் முன்னால் நின்றுவிட்டேன்.

கரையாமல் கிடக்கும் உப்பு

சாயாக் கடையில் தம்ளரின் அடியில் சர்க்கரை கிடக்கும். அதைப் பார்த்து "சாயாவுக்கு இதுக்கு மேல கரையாது" என்று நினைத்தால் தப்பு. கலக்காமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கலக்குங்கள், காணாமல் போகும். இன்னும் போடுங்கள், இன்னும் கலக்குங்கள். ஒரு கட்டத்தில் எவ்வளவு கலக்கினாலும் சர்க்கரை அடியிலேயே உட்கார்ந்துகொள்ளும். அதுதான் தெவிட்டிய கரைசல். இதற்கு மேல் எனக்கு வேண்டாம் என்று தண்ணீர் சொல்லும் இடம்.

சர்க்கரையில் ஒரு தொல்லை. சாயா சூடாக இருந்தால் நிறைய விழுங்கும், ஆறினால் அந்த அளவு குறைந்துவிடும். உப்பு அப்படியில்லை. சூடு தண்ணீரோ பச்சைத் தண்ணீரோ, உப்பு கரையும் அளவு கிட்டத்தட்ட ஒன்றே. நூறு கிராம் தண்ணீருக்கு முப்பத்தாறு கிராம் சொச்சம். அதற்கு மேல் கல்லாகப் போட்டாலும் பொடியாகப் போட்டாலும் தண்ணீர் ஏற்காது.

அப்படியென்றால் அடியில் உப்பு கரையாமல் கிடக்கிற ஒரு பக்கெட் எனக்குத் தராசு. ஈர உப்பா, பொடி உப்பா, எத்தனை சிரட்டை என்ற எந்தக் கேள்வியும் வேண்டாம். நன்றாகக் கலக்கிய பிறகும் அடியில் உப்பு நின்றால், மேலே உள்ள தண்ணீரில் ஒரு லிட்டருக்கு முந்நூறு கிராமுக்குச் சற்று மேல் உப்பு. நேற்றும் அதே, நாளையும் அதே. பிரியாணியில் உப்புத் தண்ணீர் தெளிக்கிற பண்டாரி பக்கத்தில் ஒரு பக்கெட் வைத்துக்கொண்டால் யாருக்கும் சந்தேகமும் வராது.

செவ்வாய் மாலை நோன்பு திறந்த பிறகு வீட்டில் ஒரு லிட்டர் கஞ்சியை உப்பில்லாமல் வைத்தேன். ஷிஃபா பிளஸ் டூ படிக்கிறாள், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். தமிழ் பேசுவாள், எழுத்து மலையாளம்தான். நான் மருந்துக் கரண்டியால், ஒரு கரண்டி ஐந்து மில்லி, உப்புத் தண்ணீரை ஊற்றிக் கலக்கினேன். இவர் நாக்கால் பார்த்தார். நாக்கு நன்றாகத்தான் வேலை செய்தது.

"ரெண்டு?"

"பத்தியச் சோறு."

"மூணு?"

"ஆஸ்பத்திரிக் கஞ்சி."

"நாலு?"

"கொறச்சுகூடி."

நாலரையில் கண்ணை மூடினார். "மதி, போதும். இதான். இதுதான் நம்ம கஞ்சி."

லிட்டருக்கு இருபத்திரண்டரை மில்லி. மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் கொட்டகைக்குப் போய், மக்கால் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் செம்பை அளந்தோம். செம்பு என்று இங்கே சொல்வது பெரிய அண்டாவை. உள்வளையம் வரை அறுபது லிட்டர். ஆக ஒரு செம்புக்கு ஒன்றரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மக்கில் ஆணியால் ஒரு கோடு கிழித்தேன். ஷிஃபா பக்கெட்டில் 'தொடக்கூடாது' என்று மலையாளத்தில் எழுதி ஒட்டினாள்.

புதன், வியாழன் இரண்டு நாளும் கஞ்சி சரியாக வந்தது. இவர் வழக்கம்போல ஆவிக்குள் தலையை விட்டு, கண்ணை மூடி, "உப்பு சரி" என்றாராம். நடிப்புத்தான். எனக்கு அதைக் கேட்கச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு கண்ணாடிக் குவளை

வியாழக்கிழமை மதியம், கம்பெனியில் வேலை ஒழிந்த நேரத்தில், நான் செய்த ஒரு காரியத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அவர் சொன்ன சொல் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு வருதே என்று சொன்ன மனிதரை, ஒரு தடவையாவது சோதித்துப் பார்த்தேனா? பரிசோதனைக் கூடத்தில் வேலை, வீட்டில் மட்டும் தீர்ப்பு!

இஞ்சி, பூண்டு, வெந்தயம், ரம்பை போட்டுக் கொதித்த தண்ணீரை வடிகட்டிக் கொண்டுபோயிருந்தேன். அதை இரண்டு கண்ணாடிக் குவளையில் சம அளவு ஊற்றினேன். ஒன்றில் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினேன். இரண்டையும் மூடி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இடம் மாற்றி மாற்றி, எது எது என்று எனக்கே தெரியாதபடி செய்துவிட்டு முகர்ந்தேன்.

ஒன்றில் இஞ்சி மூக்கில் குத்தியது. அதுதான் உப்புக் குவளை. மறுபடி மாற்றினேன். மறுபடியும் கண்டுபிடித்தேன். நாலு தடவை.

உட்கார்ந்து யோசித்தபோது விளங்கிற்று. உப்பு கரையும்போது தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்கிறது. இஞ்சியின், பூண்டின் மண எண்ணெய்கள் முன்னமே தண்ணீரில் அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருப்பவை. பஸ்ஸில் கூட்டம் ஏறினால் படியில் நிற்பவர்கள் வெளியே தள்ளப்படுவதுபோல, அவை ஆவியில் வந்து விழுகின்றன. உப்புக்கு மணம் இல்லை என்பது சரி. ஆனால் உப்பு விழுந்தால் கஞ்சியின் மணம் மாறும். அந்த மாற்றத்தைத்தான் அவர் முகர்ந்திருக்கிறார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கஞ்சியில் போடுகிற சின்ன அளவு உப்போடு பார்த்தபோது என் மூக்குக்கு இரண்டு குவளையும் ஒன்றாகத்தான் இருந்தது. உப்பை ஏற்றினால்தான் எனக்குப் பிடிபட்டது. அந்தச் சின்ன வித்தியாசத்தை ஒரு பண்டாரியின் மூக்கு பிடிக்குமா? தெரியாது. கேட்டுப் பார்க்கலாமென்றால் அந்த மூக்கு இப்போது இல்லை.

வீட்டுக்கு வந்தேன். சொல்லவில்லை. இழந்த பிறகு போய், அது தங்கம்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மழை

வெள்ளிக்கிழமை மதியம் திடீரென்று வேனல் மழை. கோடையில் கொச்சிக்கு இப்படி ஒரு பழக்கம் உண்டு, சொல்லாமல் வந்து அரை மணியில் ஊரைக் கழுவிவிட்டுப் போகும். இந்த மழைதான் கும்பளங்கி இறால் பண்ணைக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைப்பது. குளத்து நீரின் உப்பு ஒரே நாளில் இறங்கினால் குஞ்சு தாங்காது. நான் அதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"ஜீனத்தே, தகரம் ஒழுகி பக்கெட்டுல வெள்ளம் எறங்கிருக்கு" என்றார். குரல் மெலிந்திருந்தது. "நான் ஜும்மாவுல இருந்தேன். வந்து கலக்கிப் பாத்தா அடியில ஒரு பொடி உப்பில்ல. எல்லாம் கரைஞ்சு போச்சு. எத்தன வெள்ளம் விழுந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? ஹம்சாக்கா வாசல்லயே நிக்குது."

"கல்லுப்பு இருக்கா?"

"இல்ல. பொடிதான் இருக்கு."

"பொடியே போதும். ஒரு பாக்கெட்டை வெட்டிக் கொட்டிக் கலக்குங்க."

போனைக் கீழே வைக்கவில்லை. மழைச் சத்தமும் துடுப்புச் சத்தமும் கேட்டன.

"கரைஞ்சு போச்சு."

"இன்னொண்ணு."

"அடுப்புல சூடு வெள்ளம் இருக்கு, அதுல கலக்கட்டா? சீக்கிரம் கரையும்."

"வேண்டாம், இன்னும் தண்ணி சேர்த்தா இன்னும் உப்பு கேக்கும். இருக்கிறதுலயே கலக்குங்க."

"பாதி போட்டாச்சு... அடியில நிக்குதுன்னு தோணுது."

"தோணினாப் போதாது. பத்து நிமிஷம் கலக்குங்க."

அந்தப் பத்து நிமிடம் நான் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தேன். எத்தனை மழை விழுந்ததென்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்பதுதான் அந்தப் பக்கெட்டின் அழகு. ஆனாலும் தாளில் சரியாக இருப்பது செம்பிலும் சரியாக இருக்க வேண்டுமே.

"ஜீனத்தே."

"சொல்லுங்க."

"இப்பவும் நிக்குது. வெரல் கனத்துக்கு."

"அப்ப சரி. தெளிய விட்டு, கோடு வரைக்கும் எடுத்து ஊத்துங்க. தைரியமா ஊத்துங்க."

அன்று நான் பஸ்ஸைப் பிடித்து மட்டாஞ்சேரி வந்து சேர்ந்தபோது பாங்குக்கு ஐந்து நிமிடம். ஷிஃபா தூக்கில் கஞ்சி வாங்கி வந்திருந்தாள். பேரீச்சம்பழம் வாயில் போட்டேன். கிண்ணத்தைத் தூக்கினேன். ஒரு வாய் குடித்தேன்.

நாலரைக் கரண்டி. சுத்தமாக நாலரைக் கரண்டி.

இன்னொரு தடவை சொல்லு

மஃரிப் முடிந்து வந்தவர் முகத்தில் சந்தோஷம் பாதிதான் இருந்தது. "ஹம்சாக்கா ரெண்டு கிண்ணம் குடிச்சுது. கேட்டரிங் வேண்டான்னு சொல்லிடுச்சு. 'தாஹிரே, மூக்கு திரும்பி வந்துட்டு'ன்னு தோள்ல தட்டுச்சு. நான் ஒண்ணும் சொல்லல."

பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ ஜெயிச்சே. மூக்குக்கும் உப்புக்கும் ஒரு பந்தமுமில்ல. நீ சொன்னதுதான் சரி."

அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை.

"இல்லைங்க" என்றேன். குவளைகளைப் பற்றி, இஞ்சியைப் பற்றி, பஸ் கூட்டத்தைப் பற்றி எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்து, "நீங்க சொன்னது சரி. நான்தான் தப்பு. பதினெட்டு வருஷமும் தப்பு" என்றேன்.

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். கோபமோ என்று பயந்தேன்.

"இன்னொரு தடவ சொல்லு."

"என்னத்த?"

"கடசியில சொன்னே இல்ல, அது."

"நீங்க சொன்னது சரி."

"ஷிஃபா! இங்க வா. அம்மா என்னமோ சொல்லுது, கேளு."

மகள் முன்னால் மூன்றாம் முறையும் சொல்ல வைத்துவிட்டுத்தான் விட்டார். படுபாவி!

மறுநாளிலிருந்து அவராகவே ஒரு வழக்கம் தொடங்கினார். மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்ததும் இரண்டு தம்ளர் கேட்பார், இஞ்சி பூண்டுத் தண்ணீர், ஒன்றில் நிறைய உப்பு. முகர்ந்தால் நோன்புக்கு ஒன்றுமில்லை. தம்ளரின் அடியில் ஷிஃபா அடையாளம் வைப்பாள். நான் இருக்கிற நாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டுவேன். மூக்கை விடுவார். "ரெண்டும் வெறும் வெள்ளம்" என்று திருப்பிக் கொடுப்பார். போய்க் கோடு போட்ட மக்கால் கஞ்சிக்கு உப்பு ஊற்றுவார். ஏழு நாள், எட்டு நாள் இப்படியே.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்ளரை மட்டும் இரண்டாம் முறை வாங்கினார். "இதுல என்னமோ இருக்கு." இருந்தது. மாற்றி நீட்டினோம். சரியாகச் சொன்னார். மூன்று தடவையும்.

அடுத்த ஞாயிறு ஷிஃபாவிடம் ரகசியமாக, உப்பைக் கஞ்சி அளவுக்குக் குறைக்கச் சொன்னேன். என் மூக்குக்கு ஒன்றும் பிடிபடாத அளவு. அவர் கண்ணை மூடினார், நீண்ட மூச்சு. இடது தம்ளரைத் தொட்டார். மாற்றினோம், வலது. மாற்றினோம். ஐந்து முறையும் தவறவில்லை.

கடைசித் தம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். "உப்பு இதுலதான். ஆனா, கொறச்சுகூடி வேணும்."

நான் ஷிஃபாவைப் பார்த்தேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அம்மா, லிட்டருக்கு நாலரை வேணும், நான் மூணரைதான் போட்டேன். கரண்டி சிந்திப் போச்சு."

தற்செயலாகக்கூட இருக்கலாம். பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"ஒண்ணுமில்ல. இஞ்சி நெடி."

அவர் தம்ளரை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனார்.

"ஆமா" என்றார். "நல்லா அடிக்குது."